இரண்டு சென்டிமீட்டர் மேடும் டூல்பாக்ஸ் சக்கரமும்

டிராக்குக்கு, அதாவது பந்தயத் தடத்துக்கு, பைக்கைக் கொண்டுபோகிறவர்கள் டூல்பாக்ஸ் வாங்கும்போது முதலில் இழுப்பறைகளை எண்ணுவார்கள், அடுத்துப் பூட்டை ஆட்டிப் பார்ப்பார்கள். குனிந்து சக்கரத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. என் முதல் பெட்டியை நானும் அப்படித்தான் வாங்கினேன். நான்கு சிறிய சக்கரங்கள். பளிங்குத் தரையில் விரலால் தள்ளினாலே ஓடியது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து, தடத்தின் ஓரத்தில் பைக்கைப் பழுதுபார்க்கும் இடமான பிட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, தார்ச்சாலை முடிந்து கான்கிரீட் தொடங்கும் இடத்தில் கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஒரு மேட்டில் முன்சக்கரம் முட்டி நின்றது. பெட்டி நிற்கவில்லை. குப்புற விழுந்ததில் மேல்தட்டிலிருந்த, நட்டைத் திருகும் சாக்கெட்டுகள் நாலாபுறமும் சிதறின.

அங்கே நடந்தது எளிய நெம்புகோல் கணக்கு. மேட்டில் முட்டிய சக்கரம் அந்த மேட்டின் விளிம்பையே ஊன்றுபுள்ளியாகக் கொண்டு எழ வேண்டும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம், 2 சென்டிமீட்டர் உயர மேடு என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் அச்சு அந்த விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் உயரத்தில், 4 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. நாம் கிடைமட்டமாக இழுக்கும் விசைக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளம் 3. கீழே அழுத்தும் எடைக்குக் கிடைப்பது 4. ஆகவே சக்கரத்தின் மேலுள்ள எடையைப்போல் ஒன்றேகால் மடங்குக்கும் மேலான விசை தேவைப்படுகிறது. 30 கிலோ என்றால், 40 கிலோவைத் தூக்கும் அளவு பலம்! தூக்கிக்கொண்டு நடந்தாலே இதைவிட எளிது.

சக்கரத்தின் விட்டத்தை 20 சென்டிமீட்டர் ஆக்கிப் பாருங்கள். அதே மேட்டில் இழுவிசைக்கு 8 சென்டிமீட்டர் நெம்புகோல், எடைக்கு 6. தேவைப்படும் விசை எடையில் முக்கால் பங்குதான். சக்கரம் இரண்டு மடங்கானதும் சிரமம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. எவ்வளவு வழவழப்பான பேரிங் போட்டாலும் இந்தப் பலன் கிடைக்காது.

பெட்டியைச் சாய்த்துப் பின்னால் இழுத்துவந்தால் இன்னொரு நன்மை உண்டு. கை சக்கரத்தைவிட உயரத்தில் இருப்பதால் இழுவிசையில் ஒரு பங்கு மேல்நோக்கிச் சென்று சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது. தள்ளும்போது அதே பங்கு கீழ்நோக்கி அழுத்துகிறது. புல்லிலும் ஜல்லியிலும் இந்த வேறுபாடு கையிலேயே தெரியும். அத்தகைய தரைக்குச் சக்கரம் பெரியதாக மட்டுமின்றி அகலமாகவும் இருக்க வேண்டும். ஒடுங்கிய சக்கரம் புதைந்து உழுதுகொண்டே வரும். கடினமான பிளாஸ்டிக் சக்கரம் ஒவ்வொரு அதிர்வையும் அப்படியே உள்ளே அனுப்பும். ரப்பர் பூச்சு அதில் ஓரளவைத் தானே வாங்கிக்கொள்ளும். ஆகவே டிராக்குக்கு, இரண்டு பெரிய ரப்பர் சக்கரங்களும் நீளும் கைப்பிடியும் கொண்ட பெட்டியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். நான்கு சிறு சக்கரப் பெட்டி ஒர்க்‌ஷாப் தரைக்கு உரியது.

அடுத்தது எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. சாய்த்து இழுக்கப்படும் பெட்டியும் ஒரு நெம்புகோல்தான். அச்சிலிருந்து கைப்பிடி ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது, மொத்த எடை 30 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருக்கிறது என்றால் கை தாங்குவது சுமார் 6 கிலோ. கனமானவற்றை மேலே அடுக்கி, மையம் 50 சென்டிமீட்டருக்கு ஏறிவிட்டால் 15 கிலோ. பெட்டியும் அதே, கருவிகளும் அவையே. பின்சக்கர அச்சின் நட்டுக்கான பெரிய சாக்கெட், அதைத் திருப்பும் நீளக் கைப்பிடி, சுத்தியல் ஆகியவை சக்கரத்தை ஒட்டி அடியில் இருக்கட்டும். நல்லவேளையாக, இரண்டு ஓட்டங்களுக்கு இடையே அடிக்கடி கை தேடுபவை ஆலன் கீ, சிறு ஸ்பானர், கட்டுக்கம்பி, டயர் பிரஷர் கேஜ் போன்ற லேசானவைதான். அவை மேல்தட்டில் இருக்கலாம்.

வண்டியிலிருந்து இறக்கும்போது சக்கரம் உதவாது. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் வகுத்த கணக்கில், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்குவதற்கான உச்ச எடை 23 கிலோ. குனிந்து திரும்பித் தூக்கும்போது அது இன்னும் குறையும். கழற்றி அடுக்கும் பெட்டிகள் இதற்கு உதவுகின்றன. ஆனால் அடுக்கை மொத்தமாக மேல் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் கீழுள்ள பெட்டிகளின் முழு எடையும் இடையிலுள்ள தாழ்ப்பாள்களில் தொங்குகிறது. கடையில் அந்தத் தாழ்ப்பாளைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும்.

இழுப்பறை உள்ள பெட்டி என்றால், ஒன்று திறந்திருக்கும்போது மற்றது திறக்காதபடி தடுக்கும் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். கனமான இரண்டு அறைகள் ஒன்றாக வெளியே வந்தால் ஈர்ப்பு மையம் முன்விளிம்பைத் தாண்டிவிடும்; பெட்டி காலில் விழும்.

தண்ணீர் புகாத ரப்பர் விளிம்பை நல்ல அம்சமாகவே எல்லோரும் சொல்கிறார்கள். மழையில் நனைந்த ஸ்பானரைத் துடைக்காமல் உள்ளே போட்டு மூடினால் அதே விளிம்பு ஈரத்தை வெளியே விடாது. இரவில் குளிரும்போது அந்த நீராவி இரும்பின் மேல் துளிகளாகப் படியும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஓரளவு காப்பாற்றும். துடைத்து வைப்பது அதைவிட நன்றாகக் காப்பாற்றும். பிரேக் கிளீனர், செயின் லூப் (செயினுக்கு அடிக்கும் எண்ணெய்) ஸ்பிரே கேன்களை வெயிலில் நிற்கும் கறுப்புப் பெட்டிக்குள் விடவே கூடாது. 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக் கூடாது என்று அவற்றின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

நட்டைக் குறித்த அளவு விசையில் முறுக்க உதவும் டார்க் ரெஞ்சுக்குத் தனி இடம் கொடுங்கள். அளவு எட்டியதும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் வகையில் உள்ளே அழுத்தப்பட்ட ஸ்பிரிங்தான் அளவுகோல். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சக் குறிக்குத் தளர்த்திவைக்க வேண்டும். அதற்கும் கீழே தளர்த்தக் கூடாது.

அதை வைக்க ஏற்றது கருவியின் வடிவத்திலேயே வெட்டிய ஃபோம். மேலே கறுப்பு, அடியில் மஞ்சள் என இரு நிற அடுக்காக இருந்தால், எடுத்த கருவி திரும்பி வராத இடம் மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும். ஒருமுறை பைக்கை ஸ்டாண்டிலிருந்து இறக்கும் நேரத்தில் என் பெட்டியில் 5 மில்லிமீட்டர் ஆலன் கீயின் இடம் மஞ்சளாக இருந்தது. தேடியபோது அது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்கார்மின் மேல், செயினுக்கு இரண்டு விரல் தள்ளிக் கிடந்தது.