வெளியே போய் நில்!

"எழுந்து வாசி" என்கிறார் டீச்சர். பையன் அசையவில்லை. இரண்டாம் முறை சொன்னதும் அவன் கையிலிருந்து ஜியோமெட்ரி பாக்ஸ் பறக்கிறது. "வெளியே போய் நில்!"

வகுப்புக்கு அது தண்டனை. அவனுக்கோ நிம்மதி. நாற்பது பேர் முன்னால் திக்கித் திணறுவதிலிருந்து தப்பித்தாயிற்று. அந்த நிம்மதியே பரிசாகிவிடுவதால், நாளை பாக்ஸ் இன்னும் சீக்கிரம் பறக்கும்.

இதை அவன் கணக்குப் போட்டுச் செய்வதில்லை. மூளையில் பாதாம்பருப்பு போலிருக்கும் அமிக்டலா 'ஆபத்து' என்று அலறினால் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உடம்பு ஓடவோ மோதவோ தயாராகிறது. துரத்துவது நாயானாலும் பாடப்புத்தகமானாலும் ஒரே ஏற்பாடுதான். பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பவனுக்கு ஓட இடம் ஏது? மோதத்தான் செய்வான். எல்லா முரட்டுத்தனத்துக்கும் பயம்தான் காரணம் என்று சொல்லவரவில்லை. ரகளைக்கு முன் என்ன நடந்தது, ரகளையால் எதிலிருந்து விடுபட்டான் என்று ஒரு வாரம் குறித்துவைத்தால் ஓரளவு துப்புக் கிடைக்கும்.

பயத்தைச் சிறு சிறு அளவில் சந்திக்கவைப்பதுதான் சிகிச்சை. முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயலை நாளுக்கு நாள் கிட்டே கொண்டுவந்தார் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ். 1924-ல் அதைப் பதிவுசெய்தார். நம் பையனுக்கானால் முதலில் அம்மாவிடம் ஒரு வரி, பிறகு நண்பனிடம், அப்புறம் உட்கார்ந்தபடியே வகுப்பில். 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் பதற்றக் கோளாறு உள்ள 7 முதல் 17 வயதுவரை 488 பேர். இந்த வகை நடத்தை சிகிச்சையில் 12 வாரத்தில் சுமார் 60 சதவீதம் பேர் தேறினார்கள். பதற்றத்தைத் தணிக்கும் செர்ட்ராலின் மாத்திரையும் சேர்த்தபோது 81. மருந்தே இல்லாத வெற்று மாத்திரையில் 24.

சரி, சிகிச்சைக்கே வரமாட்டேன் என்று கதவை உதைக்கும் பிள்ளையை என்ன செய்வது? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக உளவியலாளர் லெபோவிட்ஸ் பெற்றோரை மட்டும் வரவழைத்தார். 124 பிள்ளைகளை வைத்து ஒப்பிட்டதில், பிள்ளைக்கே தரும் சிகிச்சைக்கு இது சளைக்கவில்லை. பிள்ளைக்காகத் தாங்களே பதில் சொல்வது, 'இன்னைக்கு லீவு போட்டுக்கோ' என்பது போன்றவற்றைப் பெற்றோர் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்கள். கூடவே, "பயமா இருக்குன்னு தெரியும்டா. உன்னால தாங்க முடியும்."

முதல் சில நாள் ரகளை கூடும். வழக்கமாகத் திறக்கும் கதவு திறக்கவில்லையே! ஐந்தாம் நாள் பெற்றோர் இறங்கிவந்தால், ஐந்து நாள் கத்த வேண்டும் என்று அவன் கற்றுக்கொள்வான். அதனால்தான் இம்முறையில் உறவினரையும் துணைக்குச் சேர்க்கிறார்கள். சாயங்காலம் மாமா போன் செய்வார்: "நேத்து ரொம்பக் கஷ்டமாப் போச்சாமே? ஆனா அம்மா மேல எதையும் எறியாத, என்ன? நாளைக்கும் கூப்பிடுறேன்."