தண்ணீரே இல்லாத ஆறு மலையை எப்படி வெட்டியது?

ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். ஊருக்குள் டாட் என்று ஓர் ஆறு "ஓடுகிறது". மரியாதைக்குச் சொன்னேன், பெரும்பாலான நாட்களில் வெறும் மணல்தான். அடிப்பாகமே இல்லாத படகைத் தூக்கிக்கொண்டு அந்த மணலில் ஓடும் பந்தயம் ஒன்று 1962-லிருந்து நடக்கிறது. 1993-ல் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று அதை ரத்து செய்துவிட்டார்கள்!

குடும்பத்தோடு அங்கிருந்து மேற்கே காரில் போனோம். மெக்டானல் மலைத்தொடர் நீளமான மதில் போல நிற்க, அதைச் சுற்றிப் போகாமல் நேராகப் பிளந்துகொண்டு போகின்றன ஆற்றுத்தடங்கள். அப்படி ஆறு அறுத்த இடைவெளிகளில் ஒன்றான சிம்ப்சன்ஸ் கேப்பில் மகள் கேட்டாள்: "அப்பா, ஆத்துல தண்ணியே இல்ல, அப்புறம் எப்படி மலையை வெட்டுச்சு?"

மலை எழுந்து நின்ற பிறகு ஆறு வந்து முட்டியதாக நினைத்தால் குழப்பம்தான். மத்திய ஆஸ்திரேலியாவின் பாறைகள் மடங்கி உயர்ந்த காலம் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. அப்புறம் நடந்ததெல்லாம் தேய்மானம். ஒரு காலத்தில் நிலமே இன்றைய முகடுகளின் உயரத்தில் இருந்தது, ஆறுகள் அதன் மேல் ஓடின. மண்மேட்டில் செங்கல் புதைந்திருந்தால் மழை மண்ணைக் கரைத்துச் செங்கல்லை மட்டும் விட்டுவைக்குமே, அப்படி இருபுறமும் மெத்தென்ற பாறை கரைய, குவார்ட்சைட் என்ற கெட்டிப் பாறை மட்டும் மதிலாக வெளியே வந்தது. ஆறு தன் பழைய தடத்தை விடாமல் அதை அறுத்துக்கொண்டே கீழே இறங்கியது.

அறுத்தது வெறும் தண்ணீர் இல்லை. எப்போதோ பெய்யும் பேய்மழையில் வெள்ளம் உருட்டி வரும் மணலும் கல்லும்தான் அரம். பாறையில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்புகள் வழியாகத் துண்டு துண்டாகப் பெயர்ந்தும் விழும். அதே மலைத்தொடரில் இருக்கும் ஸ்டாண்ட்லி பிளவு மட்டும் கொஞ்சம் வேறு கதை. அங்கே குவார்ட்சைட்டுக்குள் செங்குத்தாகப் புகுந்திருந்த எரிமலைக் குழம்புப் பாறை சீக்கிரம் அரித்துப்போய், இரண்டு செஞ்சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து மிஞ்சியது.

சாயங்காலம் ஒட்டகச் சவாரி. திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த என் மனைவிக்கு அது கொழுப்பு என்றதும் ஏமாற்றம். உண்மையான வித்தை ரத்தத்தில் இருக்கிறது. காய்ந்துபோன உடம்புக்குள் தண்ணீர் திடீரெனப் பாய்ந்தால் மற்ற விலங்குகளின் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடும். ஒட்டகத்தின் அணுக்கள் நீள்வட்டமானவை, இரண்டு மடங்குக்கு மேல் ஊதினாலும் தாங்கும். அதனால்தான் பத்து, பதினைந்து நிமிடத்தில் 100 லிட்டர் குடிக்க முடிகிறது. அந்த ஆறு மாதிரியேதான், நாள்கணக்கில் ஒன்றுமில்லை, வந்தால் வெள்ளம்.

சுமை தூக்க 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த ஒட்டகங்களை, லாரி வந்ததும் பாலைவனத்தில் அவிழ்த்துவிட்டார்கள், அவை பெருகிவிட்டன. 2009 வறட்சியில் டாக்கர் ரிவர் என்ற சின்ன ஊருக்குள் ஆயிரக்கணக்கில் புகுந்து தண்ணீர்த் தொட்டிகளை உடைத்ததோடு, வீடுகளின் ஏசிப் பெட்டிகளில் ஈரம் கிடைக்குமா என்றும் முட்டிப் பார்த்தன.