ரீட்மீ ஒன்று சொல்ல, விக்கி வேறொன்று சொல்ல

திறமூலத் திட்டம் ஒன்றின் ஆவணங்களை ஒழுங்குபடுத்தக் கூப்பிட்டால், நான் முதலில் கேட்பது இதுதான்: "இதை நிறுவும் முறையை எங்கெங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?" ரீட்மீயில் (நிரலோடு வரும் அறிமுகக் கோப்பு) ஒன்று இருக்கும், விக்கியில் ஒன்று, எப்போதோ யாரோ பகிர்ந்த கூகுள் டாக்கில் இன்னொன்று. அண்மையில் பார்த்த ஒரு திட்டத்தில், பைத்தான் மொழியின் 3.8 பதிப்பு போதும் என்றது ரீட்மீ. விக்கியோ 3.6 என்றது. நிரலில் 3.10-இல்தான் வந்த 'மேட்ச்' கூற்று இருந்தது. ரீட்மீயை நம்பி நிறுவும் புதியவருக்கு, நிரலின் இலக்கணம் புரியவில்லை என்று சின்டாக்ஸ் எரர் வரும். தனக்குத்தான் விவரம் போதவில்லை என்று நினைத்து அப்படியே போய்விடுவார். பிழையைத் தெரிவித்து இஷ்யூ எழுத மாட்டார். அதனால் பராமரிப்பவர்களுக்குக் கடைசிவரை விஷயமே தெரியாது.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2017-இல் நடத்திய திறமூலக் கணக்கெடுப்பில், ஆவணங்கள் அரைகுறையாகவோ பழசாகவோ இருப்பதைக் கண்டிருப்பதாக 93 சதவீதம் பேர் சொன்னார்கள். பங்களிப்பவர்களில் 60 சதவீதம் பேர், ஆவணங்களில் கைவைப்பது அபூர்வம் அல்லது கைவைப்பதே இல்லை என்றார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. எங்கே எழுதுவது, யார் பார்த்துச் சேர்ப்பார்கள் என்பது தெரியாததால்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள்.

என் அனுபவத்தில் முதலில் செய்யவேண்டியது, நிரல் இருக்கும் ரெப்போவிலேயே (திட்டத்தின் கோப்புக் களஞ்சியம்) ஆவணங்களுக்கு ஒரு ஃபோல்டர் போடுவது. பைத்தான் மொழியின் ஆவணங்கள் அப்படித்தான் இருக்கின்றன, லினக்ஸ் கெர்னலுக்கும் அதே ஏற்பாடுதான். நிரலை மாற்றும் புல் ரிக்வெஸ்டிலேயே (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) ஆவணத் திருத்தமும் வந்துவிடும். வரவில்லையென்றால், "டாக்ஸ் எங்கே?" என்று ரிவ்யூ செய்பவர் அங்கேயே நிறுத்தலாம். கிட்ஹப் விக்கியில் இது நடக்காது. அது தனியான ஒரு கிட் ரெப்போ, அங்கே புல் ரிக்வெஸ்ட் கிடையாது. விக்கியே கூடாது என்று சொல்லவில்லை. ஆர்ச் லினக்ஸ் விக்கியை மற்ற லினக்ஸ் வகைகளைப் பயன்படுத்துபவர்களும் தேடிப் போகிறார்கள். ஆனால் அங்கே எழுத்து விதிகள் இருக்கின்றன, பக்கங்களைக் கவனிக்க ஆட்களும் இருக்கிறார்கள். ஆள் இல்லாத திட்டத்துக்கு விக்கி வேண்டாம்.

அடுத்தது, ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை. வலைத்தளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோ, தன் ஆவணங்களைப் பயிற்சி, தலைப்பு விளக்கம், விவரக் குறிப்பு, செய்முறை என்று நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆவணங்களை ஒழுங்குபடுத்த டானியேலே ப்ரோச்சிடா வகுத்த 'டயாடாக்சிஸ்' முறையிலும் இதே போன்ற நான்கு பிரிவுகள்தான். நிறுவும் பக்கத்தின் நடுவில் இந்த டேட்டாபேஸை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று மூன்று பத்தி வந்தால், அவசரத்தில் இருப்பவர் அதைத் தாண்டும்போது நான்காவது கட்டளையையும் சேர்த்துத் தாண்டிவிடுவார். அந்த மூன்று பத்தியை வெட்டி, விளக்கத்துக்கான பக்கத்தில் போட்டு, இங்கே ஒரு லிங்க் கொடுத்தால் போதும்.

அந்த 'ஏன்' இருக்கிறதே, அதைத் தொலைத்துவிடக் கூடாது. பெரும்பாலான திட்டங்களில் அது சாட்டில் பேசி முடிந்து, மேலே மேலே போய்க் காணாமல் போகிறது. அப்புறம் புதிதாக வரும் ஒவ்வொருவரும் அதே யோசனையைச் சொல்ல, அதே வாக்குவாதம் மறுபடி முதலிலிருந்து நடக்கும். பைத்தானில் மாற்றம் வேண்டி எழுதும் 'பெப்' என்ற முன்மொழிவின் வார்ப்புருவில், நிராகரித்த யோசனைகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. சின்னத் திட்டம் அவ்வளவு தூரம் போகவேண்டாம். முடிவு, காரணம், வேண்டாம் என்று விட்ட வழிகள், தேதி ஆகியவற்றோடு அரைப் பக்கக் கோப்பு ஒன்று இருந்தால் சரி.

எடுத்துக்காட்டு நிரல்களை இயந்திரமே சோதிக்கட்டும். பைத்தானில் அதற்கு டாக்டெஸ்ட் என்ற கருவி இருக்கிறது. ரஸ்ட் மொழியில் ஆவணக் குறிப்புக்குள் எழுதிய எடுத்துக்காட்டுகளை 'கார்கோ டெஸ்ட்' கட்டளை ஓட்டிப் பார்த்துவிடும்.

பழைய பக்கங்களை எடுக்கத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்ட பக்கம்தான் தேடலில் முதலில் வந்து நிற்கிறது. எந்தக் கோப்புக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோட்ஓனர்ஸ் கோப்பில் ஆவண ஃபோல்டருக்கும் பொறுப்பாளர் பெயரைப் போடுங்கள். வெளியீட்டுக்கு முன் செய்யவேண்டியவற்றின் பட்டியலில், நிறுவும் பக்கத்தைப் புது கணினியில் ஒருவர் அப்படியே பின்பற்றிப் பார்ப்பதையும் சேருங்கள். நீக்கும் பக்கத்தின் முகவரியைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, அப்புறம் நீக்குங்கள்.