வீடு தேடி வரும் மாத்திரையை டப்பாவில் போட்டு மூடாதீர்கள்

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் பக்கவாதத்தோடு இன்னொருவர் வந்து சேர்ந்தார். கொத்தனார், ஐம்பது வயது இருக்கும். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறுகிறது. "என்ன மாத்திரை சாப்பிடுறாரு?" என்று கேட்டேன். அவர் மனைவி மஞ்சப்பையிலிருந்து பழைய ஸ்வீட் டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக. ஓர் அட்டை மட்டும் பாதி பிரிந்திருந்தது. மற்றவற்றில் கை படவே இல்லை. "செக் பண்ணப்ப பிரஷர் நார்மல்னு சொன்னாங்க, அதான் நிறுத்திட்டாரு."

இந்தப் பதிலைக் கேட்காத வாரமே இல்லை. இப்போதெல்லாம் கேட்டால் கோபம்தான் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்கே மாத்திரை கொண்டு வரும் தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதற்கு முன்பு ஒரு மாத பிரஷர் மாத்திரை வாங்க வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து, ஓ.பி. வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு மாதம் வருவார்கள், மூன்றாவது மாதம் காணாமல் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. 2020-ல் தமிழ்நாட்டில் பிரஷர், சுகர் போன்ற தொற்றா நோய்கள் பற்றி எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். இன்று மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த ஒரு பெண், உங்கள் தெருவை அறிந்தவர், வாசலுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அடுத்த கணக்கெடுப்பில் அந்த 7.3 சுமார் 17-ஆக ஏறியது. 2024-ல் தொற்றா நோய்களுக்கான ஐ.நா. பணிக்குழுவின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. ஏறியிருக்கிறது, சந்தோஷம்தான். ஆனாலும் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. மாத்திரை வீட்டுக்கு வந்த பிறகும் ஏன் இப்படி?

அந்த "நார்மல்" என்ற ஒரு சொல்தான் பெரிய காரணம். பொறுமையாகச் சொல்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். மெஷினில் 126/80 என்று காட்டினால் உங்கள் ரத்தக்கொதிப்பு போய்விட்டது என்று பொருளில்லை. நேற்றுப் போட்ட மாத்திரை இன்று வேலை செய்கிறது, அவ்வளவுதான். வேலி போட்டதால் ஆடு மேயவில்லை. ஆடுதான் வரவில்லையே என்று யாராவது வேலியைப் பிடுங்குவார்களா? மாத்திரையை நிறுத்தினால் மறுநாளே எதுவும் ஆகிவிடாது. சில நாட்களில் பிரஷர் மெல்லப் பழைய இடத்துக்கே ஏறும். ஏறுவது உங்களுக்குத் தெரியாது. "எனக்குத் தலை சுத்தலையே, வலிக்கலையே" என்பார்கள். 180-ஐ வைத்துக்கொண்டு சாரம் ஏறி வேலை பார்த்தவர்களை எனக்குத் தெரியும். முதல் அறிகுறியே பக்கவாதமாக வந்தவர்களையும் தெரியும். அளவு நார்மலாக இருக்கும் நாள், அதே மாத்திரையை அப்படியே தொடர வேண்டிய நாள். குறைப்பதா, மாற்றுவதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். உப்பையும் எடையையும் நன்றாகக் குறைத்த சிலருக்கு நாங்களே குறைத்திருக்கிறோம்.

"ரொம்ப நாள் போட்டா கிட்னி போயிடும்" என்பது அடுத்தது. கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத பிரஷரும் சுகரும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரையும் கெடுக்கும், பிரஷரையும் ஏற்றும். அதைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை! "கவர்மென்ட் மாத்திரைக்குப் பவர் இல்ல" என்பவர்களுக்கு: தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் இந்த மருந்துகளை ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் அனுப்புகிறது. கடையில் காசு கொடுத்து வாங்கும் அம்லோடிபினும் அதே அம்லோடிபின்தான்.

வீட்டுக்கு வரும் அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லாதீர்கள். "போட்டுட்டேம்மா, வச்சிட்டுப் போ" என்று நீங்கள் சொல்வதை நம்பி அவர் குறித்துக்கொள்கிறார். அளவு ஏறியிருந்தால், இருந்த மாத்திரை போதவில்லை என்று நினைத்து நாங்கள் டோஸைக் கூட்டுகிறோம். போடாத மாத்திரைக்கு மேல் இன்னொரு மாத்திரை. மிச்சம் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். கால் வீக்கமோ வறட்டு இருமலோ வந்து நிறுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கிறது.

பிரஷர் பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, பீடி வேண்டாம். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த கையோடு கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் உட்காருங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம், அதாவது மொத்தமாக ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, "மாத்திரை போட்டியாப்பா?" என்று கேட்டால் போட்டேன் என்றுதான் சொல்வார். வீடியோ காலில் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தக் கொத்தனாருக்கு இதே திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், ஏற்பாடு செய்திருக்கிறோம். நடக்க வைத்துவிடலாம் என்று நம்புகிறேன். கரண்டி பிடித்துப் பூசும் கை திரும்புமா என்று அவர் மனைவி கேட்டதற்கு என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. அவரைக் கூட்டி வந்ததே கை கால் விழுந்த மறுநாள் காலையில். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுக்க வைக்காதீர்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ போடாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டால் வந்த பக்கவாதம் என்று ஸ்கேனில் தெரிந்தால் அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று நாங்கள் முதலில் கேட்போம். அந்த நேரத்தைச் சொல்லத் தெரிந்த ஒருவர் ஆம்புலன்ஸில் கூட வாருங்கள்.