ஃபிட்னஸ் பேண்ட்: எதை அளக்கிறது, எதை ஊகிக்கிறது?

ஃபிட்னஸ் பேண்ட் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி நல்லது, என்ன விலை என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னக் கருவி எதை நேரடியாக உணர்கிறது, எதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது? திரையில் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. நாடித்துடிப்பு 72, நடை 6,340 ஸ்டெப், எரித்த கலோரி 418, ஆழ்ந்த தூக்கம் 1 மணி 12 நிமிடம் என்று எல்லாமே ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு வந்து நிற்கும். ஆனால் இந்த நான்கு எண்களையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது. முதல் இரண்டை ஓரளவு நம்பலாம். மூன்றாவதை நம்பிச் சாப்பாட்டைத் திட்டமிடக் கூடாது. நான்காவது பெரும்பாலும் ஊகம்.

ஸ்டெப் கணக்கிலிருந்து தொடங்குவோம். பேண்டுக்குள் முடுக்கமானி என்ற சில்லு இருக்கிறது. சிலிக்கானில் செதுக்கிய மிக நுண்ணிய எடை ஒன்று, அதே சிலிக்கானால் ஆன மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். கை அசைந்தால் அந்த எடையும் இம்மியளவு நகரும். பக்கத்திலுள்ள தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும், அதனால் மின்தேக்குத்திறன், அதாவது அவற்றுக்கிடையே மின்னூட்டத்தைத் தேக்கும் திறன், மாறும். முன்பின், பக்கவாட்டு, மேல்கீழ் என்று மூன்று திசைகளிலும் இந்த மாற்றத்தைச் சில்லு நொடிக்குப் பலமுறை பதிவு செய்யும். நடக்கும்போது கை சீராக வீசுவதால், நொடிக்கு ஏறக்குறைய இரண்டு மேடுகள் திரும்பத் திரும்ப வரும். அந்த மேடுகளை எண்ணுவதுதான் மென்பொருளின் வேலை.

ஆக, அது எண்ணுவது கையை, காலை அல்ல. சூப்பர் மார்க்கெட்டில் டிராலியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் கை அசையாது, அதனால் பல ஸ்டெப்புகள் விட்டுப்போகும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டோ, குடத்தைப் பிடித்துக்கொண்டோ நடப்பவருக்கும் இதே கதிதான். உட்கார்ந்தபடி கையை ஆட்டி வேலை செய்தால் நடக்காத நடை கணக்கில் ஏறும். வீட்டில் நாள் முழுக்க உழைக்கிற பெண்ணின் பேண்ட் குறைந்த எண்ணைக் காட்டினால், அவர் சோம்பேறி என்று அர்த்தமில்லை. அவர் செய்யும் வேலை அந்தக் கருவியின் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். சமதரையில் கைவீசிச் சாதாரணமாக நடந்தால் மட்டும் கணக்கு நன்றாகவே ஒத்துவரும்.

அப்புறம் அந்த 10,000 என்ற இலக்கு. இது மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்த எண் அல்ல. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியது. அடுத்த ஆண்டே யமாசா என்ற நிறுவனம் ஒரு நடைமானியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் என்ற எண் அதன் பெயரிலேயே இருந்தது. விளம்பரத்துக்கு வசதியான அந்த முழு எண்தான் இன்றும் பல பேண்டுகளில் இலக்காக நிற்கிறது. அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள சுமார் 17,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2019இல் ஐ-மின் லீ குழுவினர் ஆய்வு வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 2,700 ஸ்டெப் போல நடந்தவர்களைவிட 4,400 ஸ்டெப் போல நடந்தவர்களில் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 வாக்கில் அந்தப் பலன் மேலே ஏறாமல் நின்றுவிட்டது. நடையால் மட்டுமே அந்த வித்தியாசம் வந்தது என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. உடல்நலம் நன்றாக இருப்பவர்கள் இயல்பாகவே அதிகம் நடப்பார்கள். ஆனாலும் 3,000 ஸ்டெப் நடக்கிற ஒரு பெரியவர், 10,000 வரவில்லையே என்று மனம் உடைந்து பேண்டைக் கழற்றி வைக்கத் தேவையே இல்லை என்பதை இந்த ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது.

நாடித்துடிப்புக்கு வருவோம். இந்தக் கருவியிலேயே மிக அழகான பகுதி இதுதான். பேண்டைத் திருப்பிப் பார்த்தால் பச்சை விளக்கு மின்னும். ரத்தம் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம், ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொண்டு சிவப்பைத் திருப்பி அனுப்புவது. இதயம் ஒருமுறை துடித்தால் மணிக்கட்டின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கொஞ்சம் விரிந்து கூடுதல் ரத்தத்தை வாங்கும். அந்தக் கணத்தில் பச்சை ஒளி கூடுதலாக உறிஞ்சப்பட்டு, சென்சாருக்குத் திரும்பும் வெளிச்சம் சற்றுக் குறையும். அடுத்த துடிப்புக்கு முன் மறுபடி கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு கிடைத்துவிடும். அடிப்படை யோசனை பழையது. ஒளியின் உதவியால் தோலின் ரத்த ஓட்டத்தைப் பதிவு செய்யும் முறையை அல்ரிக் ஹெர்ட்ஸ்மன் 1930களிலேயே விவரித்துவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், திரும்பி வரும் வெளிச்சத்தில் பெரும்பகுதி மாறவே மாறாது. துடிப்பால் ஏற்படும் மாற்றம் அதில் மிகச் சிறு பங்கு. பேண்ட் தளர்வாக இருந்து வெளி வெளிச்சம் உள்ளே புகுந்தாலோ, குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறைந்தாலோ, பச்சை குத்திய இடத்தில் மை ஒளியை விழுங்கினாலோ அந்தச் சிறு பங்கும் மறைந்துவிடும். ஓடும்போது கையின் ஆட்டமே ஒரு துடிப்பு போல ஒளியில் பதியும். சில நேரம் மென்பொருள் ஏமாந்து, இதயத்தை விட்டுவிட்டுக் காலின் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 160 என்று பேண்ட் காட்டும்போது, அது நீங்கள் நிமிடத்தில் எடுத்துவைத்த ஸ்டெப் எண்ணிக்கையாக இருக்கலாம். பளு தூக்கும்போதும் தவறு நிறைய வரும், ஏனென்றால் மணிக்கட்டுத் தசைகள் இறுகி ரத்த ஓட்டத்தையே மாற்றிவிடுகின்றன. கடுமையாக ஓடிப் பயிற்சி எடுப்பவர்கள் மார்பில் கட்டும் பட்டையை விரும்புவது இதனால்தான். அது ஒளியை நம்பாமல் இதயத்தின் மின்துடிப்பையே எடுக்கிறது.

நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் இது சரியாக வேலை செய்யுமா? இந்தச் சந்தேகம் நியாயமானது, ஏனென்றால் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும். பல நிறத் தோல்களில் கருவிகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. நாடித்துடிப்பில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் அது காணவில்லை. தவறை அதிகப்படுத்தியது அசைவுதான். ரத்த ஆக்சிஜன் அளவு வேறு கதை. மருத்துவமனையில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரே, கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைந்திருப்பதை வெள்ளையர்களைவிட மூன்று மடங்கு அளவுக்கு அதிகமாகத் தவறவிட்டது என்று அதே ஆண்டு இன்னொரு அமெரிக்க ஆய்வு காட்டியது. விரல் கருவிக்கே இந்த நிலை என்றால், மணிக்கட்டில் வரும் ஆக்சிஜன் எண்ணை வைத்து நோயாளியைப் பற்றி எந்த முடிவும் எடுக்காமல் இருப்பதே நல்லது.

கலோரி கணக்கைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. பேண்ட் கலோரியை அளப்பதே இல்லை, அதற்கான சென்சாரும் அதில் கிடையாது. வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்று நாம் கொடுக்கிற விவரத்தோடு அசைவையும் துடிப்பையும் சேர்த்து, ஒரு சராசரி மனிதருக்கான சூத்திரத்தில் போடுகிறது. 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். ஏழில் ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு காட்டின. கலோரியிலோ மிகத் துல்லியமான கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம். இந்த எண்ணை நம்பி, 400 கலோரி எரித்துவிட்டேன், அதனால் 400 கலோரிக்குச் சாப்பிடலாம் என்று ஒருவர் கணக்குப் போட்டால், மாதக்கணக்கில் நடந்தும் எடை குறையாமல் போகலாம். அப்போது அவர் தன் மன உறுதியைத்தான் குறை சொல்லிக்கொள்வார். குறை அந்தச் சூத்திரத்தில் இருக்கிறது.

தூக்கமும் இப்படித்தான். ஆழ்ந்த தூக்கம், கனவு வரும் தூக்கம் என்பதையெல்லாம் மூளையின் மின் அலைகளை வைத்துத்தான் ஆய்வுக்கூடத்தில் பிரிக்கிறார்கள். மணிக்கட்டில் மூளை அலை கிடைக்காது. அசைவையும் துடிப்பையும் வைத்து பேண்ட் ஊகிக்கிறது. எப்போது படுத்தீர்கள், ஏறக்குறைய எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்பது பரவாயில்லை என்ற அளவில் வரும். அசையாமல் விழித்துக் கிடந்த நேரத்தைத் தூக்கம் என்றே எழுதிவிடும். தூக்க மதிப்பெண் குறைவாக வந்ததே என்று கவலைப்பட்டு, அந்தக் கவலையாலேயே தூக்கம் கெட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் 2017இல் எழுதி, அந்த நிலைக்குத் தனிப் பெயரே வைத்தார்கள். ஏற்கெனவே தூக்கமின்மையால் அவதிப்படுபவர் இரவில் பேண்டைக் கழற்றி வைத்துவிடலாம்.

சர்க்கரை பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அதனால் ஊசி குத்தாமலே சர்க்கரை பார்க்கலாம் என்ற விளம்பரம் நம்மை எளிதில் இழுக்கும். தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரையை அளக்கும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அங்கீகாரம் தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பிப்ரவரி 2024இல் வெளிப்படையாக எச்சரித்தது. அப்படிப்பட்ட கடிகாரத்தைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. தோலுக்குள் மெல்லிய இழையைச் செலுத்தி அளக்கும் ஒட்டு சென்சார்கள் வேறு வகை. அவை காட்டும் அளவைக் கடிகாரத் திரையில் பார்ப்பதில் தவறில்லை. ரத்த அழுத்தத்திலும் இதே கவனம் வேண்டும். கையில் பட்டை கட்டிக் காற்றடைக்கும் கருவி வீட்டில் இருந்தால் அதையே நம்புங்கள்.

விலை கூடிய சில கடிகாரங்களில் ஈ.சி.ஜி. வசதி இருக்கிறது. ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிப்பதில் இவற்றுக்கு உண்மையான பயன் உண்டு. ஈ.சி.ஜி. இல்லாமல், ஒளி சென்சார் மட்டுமே கூட இதில் உதவும்: ஆப்பிள் கடிகாரத்தின் ஒளி சென்சாரை வைத்து 4 லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. அவர்களில் 2,161 பேருக்கு எச்சரிக்கை போனது. அப்புறம் மார்பில் ஈ.சி.ஜி. ஒட்டுப்பட்டை அணிந்து திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதத்தினருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு உறுதியானது. பக்கவாதத்துக்கு வழி வகுக்கும் கோளாறு அது. வயதானவர்கள் கடிகாரம் வாங்க இந்த வசதி ஒரு நல்ல காரணம்தான். ஆனால் மாரடைப்பை இது கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது கடிகாரம் எல்லாம் நார்மல் என்று காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

சரி, கட்டினால் உடம்பு மாறுமா? இங்கே ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. அமெரிக்காவில் எடை குறைக்க முயன்ற 471 இளைஞர்களை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2016இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. ஒரு பகுதியினருக்குக் கையில் கருவியும் கொடுத்தார்கள். கருவி கட்டியவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள், கட்டாதவர்கள் 5.9 கிலோ. அதே ஆண்டு சிங்கப்பூரில் 800 ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், கருவி கொடுக்கப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் அதை அணிந்துகொண்டிருந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். எடையிலும் ரத்த அழுத்தத்திலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. மறுபக்கம், நூற்றுக்கணக்கான ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2022ஆம் ஆண்டு மதிப்பாய்வு, கருவி கட்டுபவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 1,800 ஸ்டெப் கூடுதலாக நடப்பதாகவும், ஒரு கிலோ அளவுக்கு எடை குறைவதாகவும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: நடக்க வைப்பதில் பேண்ட் உதவும், எடையைக் குறைக்கும் என்று அதை நம்பி வாங்கக் கூடாது.

அதனால் காசு போடுவதற்கு முன் பையிலுள்ள போனைப் பயன்படுத்திப் பாருங்கள். அதற்குள்ளும் முடுக்கமானி இருக்கிறது, இலவசமாகவே ஸ்டெப் எண்ணும். சில வாரம் அந்த எண்ணைப் பார்த்து, மாலையில் ஒரு சுற்று கூடுதலாக நடக்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். தோன்றினால் விலை குறைந்த பேண்டே போதும், நாடித்துடிப்பும் கூடவே கிடைக்கும். போனில் எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யத் தோன்றாதவருக்கு, இருபதாயிரம் ரூபாய்க் கடிகாரமும் பெரும்பாலும் அதைத்தான் செய்யும். அந்தப் பணத்தில் நல்ல ஷூ வாங்கலாம். இதய சிகிச்சைக்குப் பின் துடிப்பு இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், பேண்ட் பக்கத்துணையாக உதவும். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்கள், 220இலிருந்து வயதைக் கழித்து பேண்ட் காட்டும் பயிற்சித் துடிப்பின் எல்லைகளைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த மாத்திரை துடிப்பையே தாழ்த்திவிடும். தனியாக வசிக்கும் அம்மா அப்பாவுக்கு என்றால், ஸ்டெப்பைவிட, கீழே விழுந்தால் தானாக அழைப்பு விடுக்கும் வசதி இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

நம் உடம்பின் தகவல் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட ஓட்டப் பாதைகளின் வரைபடத்தில், ராணுவ முகாம்களின் இருப்பிடமே தெரிந்துபோனது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. வீட்டிலிருந்து தினமும் தொடங்கும் நடையை எல்லோரும் பார்க்கும்படி விட வேண்டாம். செயலியைப் போட்டதும் முதல் வேலையாக அந்த அமைப்பை மூடிவிடுங்கள்.

வாங்கிய பிறகு ஒரு சோதனை. உட்கார்ந்து, கழுத்தில் விரல் வைத்து 30 நொடி துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அளவு மேலே பேண்டை இறுக்கமாகக் கட்டி, அது காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். மாடிப்படி ஏறி இறங்கிய கையோடு மறுபடி எண்ணுங்கள். பிறகு 200 ஸ்டெப் வாய்விட்டு எண்ணி நடந்து, பேண்ட் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். ஓரிரு துடிப்பு, பத்துப் பதினைந்து ஸ்டெப் முன்பின் இருந்தால் பரவாயில்லை. சுருட்டி வைத்த துண்டில் கட்டினாலும் துடிப்பு காட்டுகிறதா என்றும் பாருங்கள். பச்சை விளக்கு எந்தப் பொருளில் பட்டாலும் வெளிச்சம் திரும்பி வரும். நல்ல மென்பொருள் என்றால் இது தோல் இல்லை என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும், மட்டமானது ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுக் காட்டும். ஆன்லைனில் வாங்கினால் பல இடங்களில் மாற்றித்தான் தருவார்கள், பணம் திரும்பாது. அதற்கும் சில நாள்தான் கெடு. பெட்டியைப் பிரித்த அன்றே இதையெல்லாம் செய்து பார்த்துவிடுங்கள்.