நாட்டிகல் மைல் என்பது கடல் மைல்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று தேடினால், கிலோமீட்டரோடும் சாதாரண மைலோடும் மூன்றாவதாக ஓர் எண் வரும். அதுதான் நாட்டிகல் மைல். விமானிகள் கணக்குப் போடுவது பெரும்பாலும் இதில்தான். வானில் பறப்பதற்குக் கடலின் அளவு எதற்கு?

கிரேக்கத்தில் 'நவுஸ்' என்றால் கப்பல், 'நவுட்டேஸ்' என்றால் மாலுமி. அந்தச் சொல் லத்தீன் வழியே ஆங்கிலத்துக்கு வந்து 'நாட்டிகல்' ஆனது. சமஸ்கிருத 'நௌ'வுக்கும் அதே வேர்தான். 'மைல்' என்பது ஆயிரத்தைக் குறிக்கும் லத்தீன் 'மில்லே'. ரோமானியர்களுக்கு ஆயிரம் இரட்டையடி நடந்தால் ஒரு மைல்.

கடல் மைல் நடந்து அளந்ததல்ல, பூமியின் வளைவிலிருந்து வந்தது. வட்டத்துக்கு 360 பாகை, பாகைக்கு 60 கலை (ஆங்கிலத்தில் 'மினிட்'). ஆக 21,600 கலை. துருவங்கள் வழியாகப் பூமியைச் சுற்றினால் சுமார் 40,000 கிலோமீட்டர். இதை 21,600-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு கலைக்கு ஏறத்தாழ 1,852 மீட்டர் வரும். அதுவே ஒரு கடல் மைல். நாட்டுக்கு நாடு சற்றே மாறியிருந்த இந்த அளவை 1929-இல் மொனாக்கோவில் கூடிய மாநாடு 1,852 மீட்டர் என்றே நிலைப்படுத்தியது.

இதன் அழகு கணக்கில் தெரியும். ஒரே தீர்க்கரேகையில் 10 பாகை தள்ளி இரண்டு விமான நிலையங்கள் இருந்தால், தூரம் 600 கடல் மைல். வேறு எதையும் அளக்க வேண்டாம். கிழக்கு மேற்காக இப்படி எண்ணக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் 60 பாகை அட்சத்தில் அந்த இடைவெளி பாதியாகிவிடும்.

அப்புறம் நேரம். வேகத்தைச் சொல்லும் 'நாட்' என்பதன் பொருள் முடிச்சு. சம இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு பலகையைக் கட்டிக் கப்பலின் பின்புறம் வீசுவார்கள். மணற்கடிகை ஓடி முடிவதற்குள் கையிலிருந்து எத்தனை முடிச்சுகள் நழுவின என்று எண்ணுவார்கள். அதுவே கப்பலின் வேகம். ஒரு மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். காற்றில்லாதபோது 450 நாட் வேகத்தில் போகும் விமானம் 600 கடல் மைலை 1 மணி 20 நிமிடத்தில் கடக்கும். எதிர்க்காற்று 50 நாட் குறைத்தால் ஒன்றரை மணி நேரம். பின்காற்று அதே அளவு தள்ளிவிட்டால் 1 மணி 12 நிமிடம். போகும்போது ஒரு நேரம், வரும்போது வேறு நேரம் ஆவதற்கு இதுதான் முக்கியக் காரணம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரம் தனி.

சரி, தமிழில் என்ன சொல்வது? மைலைக் 'கல்' என்று சொன்ன வழக்கம் உண்டு; ஆனால் 'கடற்கல்' என்றால் கடலில் கிடக்கும் கல்லென்றே தோன்றும். கடல் எல்லைச் செய்திகளில் '12 கடல் மைல்' என்று படித்துப் பழகியிருக்கிறோம், விமானத்துக்கும் அதுவே போதும். 'வான் மைல்' என்று புதிதாகக் கட்டினால், விமான நிறுவனங்கள் பரிசாகத் தரும் மைல்களோடு குழம்பிவிடும். 'நாட்' என்பதற்கு 'முடிச்சு' என்பதே என் தேர்வு, கயிற்றின் கதை அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் 'மணிக்கு 450 முடிச்சு' என்று எழுதாதீர்கள். 'மணிக்கு' அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.