சி.எஸ்.ஆர்.: கொடையா, பொறுப்பா, கடப்பாடா?

தாமிரபரணிக் கரையோரம் ஒரு நடுநிலைப் பள்ளி. வராந்தாவில் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி நிற்கிறது. அதன் நெற்றியில் நீலப் பலகை. கொடுத்த கம்பெனியின் பெயர், அதற்குக் கீழே சி.எஸ்.ஆர். என்று மூன்று ஆங்கில எழுத்து. குழாய்க்கு அடியில் வைத்திருந்த எவர்சில்வர் வாளி காய்ந்து கிடந்தது. சத்துணவு ஆயா கேட்டார்: “மிசினு நின்னு ரெண்டு மாசமாச்சு சார். அந்த போர்டுல யாருட்டப் போய்ச் சொல்லணும்னு போட்டிருக்கா?”

போட்டிருக்கவில்லை. ஆனால் அந்த மூன்றாவது எழுத்துக்கு வேர்ப்பொருள் பார்த்தால், ஆயா கேட்டதுதான் அது.

கார்ப்பரேட் சோஷியல் ரெஸ்பான்சிபிலிட்டி என்பதன் சுருக்கம் சி.எஸ்.ஆர். ‘கார்ப்பஸ்’ என்றால் லத்தீனில் உடல். பலர் சேர்ந்து சட்டத்தின் முன் ஓருடலாக நிற்பதால் கார்ப்பரேட். ‘சோசியஸ்’ என்றால் கூட்டாளி, அதிலிருந்து சோஷியல். ரெஸ்பான்சிபிலிட்டிக்கு மூலம் ‘ரெஸ்பொந்தேரே’: பதில் சொல்லுதல், பதிலுக்கு வாக்குக் கொடுத்தல். நாம் அன்றாடம் சொல்லும் ஸ்பான்சரும் இதே குடும்பத்துச் சொல்தான். ‘கேள்விமுறை இல்லாமப் போச்சு’ என்று நெல்லைப் பக்கம் அங்கலாய்ப்போமே, அதற்கு நேர் எதிரானது இந்தச் சொல். கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு என்பதே இதன் உயிர்.

அமெரிக்கப் பொருளியலர் ஹோவர்ட் போவன் 1953இல் தொழிலதிபர்களின் சமூகப் பொறுப்பு பற்றி நூல் எழுதிய பிறகு இந்தப் பேச்சு கல்விப்புலத்தில் வேர்பிடித்தது. விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதுதான் தொழிலின் ஒரே சமூகப் பொறுப்பு என்று 1970இல் இன்னொரு அமெரிக்கப் பொருளியலர் மில்டன் ஃப்ரீட்மன் மறுத்தார். 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் தந்த வரையறை சுருக்கமானது: சமூகத்தின்மீது தாம் உண்டாக்கும் விளைவுகளுக்கு நிறுவனங்கள் ஏற்கும் பொறுப்பு. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தைத்த உடுப்புகளைக் கடல்கடந்து வாங்கி விற்ற நிறுவனங்களும் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று உலகம் கேட்டபோது, அந்த வரையறையின் கனம் புரிந்தது.

இந்தியாவில் சொல் வேறு திசையில் போயிற்று. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 135ஆம் பிரிவு: நிகர மதிப்பு (சொத்தில் கடன் போக மிஞ்சுவது) 500 கோடி, விற்றுமுதல் (ஓராண்டு விற்பனை) 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. நல்ல சட்டம்தான்; எத்தனையோ பள்ளிகளுக்குக் கழிப்பறையும் பெஞ்சும் வந்திருக்கின்றன. ஆனால் தன் ஊழியருக்கு மட்டும் செய்வதும், வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வதும் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே நியாயமான கூலி கொடுப்பது சி.எஸ்.ஆர். ஆகாது; பள்ளிக்குக் கருவி கொடுப்பது சி.எஸ்.ஆர். ஆகும். ‘சி.எஸ்.ஆர். பணம் வந்திருக்கு’ என்று நம்மவர்கள் அதை ஒரு நிதியின் பெயராகவே ஆக்கிக்கொண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கூலியும் ஓய்வும் இந்தச் சொல்லுக்கு வெளியே நிற்க வேண்டியவை அல்ல. தூத்துக்குடி அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து ஊர். அங்கே 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்கள் பக்கம் நின்றவர் வ.உ.சி.; அவரே சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்தியவர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தென்பாண்டிச் சீமை வியாபாரிகளிடம் ‘மகமை’ என்றொரு சொல் உண்டு. மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்து, கோயிலுக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுப்பது. அழகான சொல். இருந்தாலும் மகமை பெரும்பாலும் அந்தந்தச் சமுதாயத்தின் பொதுப்பணம். கொடுக்கும் பணத்தைப் பற்றிப் பேசும், தொழில் நடக்கும் விதத்தைப் பற்றிப் பேசாது.

‘பெருநிறுவன சமூகப் பொறுப்பு’ என்பது இன்று பரவலான மொழிபெயர்ப்பு. பொறு என்றால் சுமத்தல். பொறுப்பு என்பது தோளில் ஏற்றுக்கொண்ட பாரம். பிழையில்லை. ஆனாலும் எனக்குப் பிடித்தது ‘கடப்பாடு’. கடன் என்பதோடு உறவுள்ள சொல்; கடன் என்றால் திருப்பித் தரவேண்டியது மட்டுமல்ல, செய்தே தீரவேண்டியதும்கூட. ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று, ஊருக்கு உதவி வாழ்வதைச் சொல்லும் ஒப்புரவறிதல் அதிகாரத்தைத் தொடங்குகிறார் வள்ளுவர். மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிடும் என்பது அவர் கேள்வி. அதே அதிகாரத்தில், ‘இடனில் பருவத்தும்’ தம் கடன் அறிந்தவர்கள் ஒப்புரவுக்குத் தளரமாட்டார்கள் என்கிறார். கைவறண்ட காலத்திலும் விடாத ஒன்றை, லாபம் வந்தால் 2 சதவீதம் என்று அளந்து முடித்துவிட முடியாது.

அதனால் நான் எழுதும்போது இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன். சட்டப்படி ஒதுக்கும் பணம் ‘சமூகப் பணி நிதி’. கூலி, கழிவுநீர், விற்கும் சரக்கின் எடை, கொடுத்த கருவியின் பழுது, இவை அனைத்துக்கும் பதில் சொல்வது ‘நிறுவனச் சமூகக் கடப்பாடு’. அந்த நீலப் பலகையில் இந்தத் தமிழ்ச் சொல்லையும், அதன் கீழே பழுதுக்குக் கூப்பிட ஒரு போன் நம்பரையும் எழுதச் சொல்லித் தலைமையாசிரியரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.